பட்டாணி அளவு

பட்டாணி அளவு. போனில் நான் மூன்று முறை சொன்னது இதைத்தான். சிப்பின் நடுவில் ஒரு பட்டாணி அளவுக்குப் பேஸ்ட் வைத்தால் போதும், கூலரை மேலே வைத்து அழுத்தும்போது அதுவே பரவிக்கொள்ளும். கேட்டுக்கொண்டிருந்த சுகன்யா அக்கா, "பச்சப் பட்டாணியா, காஞ்ச பட்டாணியாங்க தம்பி?" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பின்னாலிருந்து அவருடைய கணவர் யுவராஜ் அண்ணன், "சுண்டல் பண்ணிப்போடாத சுகு" என்றார்.

அண்ணனின் குரலை நான் கடைசியாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

அவர் குரல் என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. பேசியது ஒரு பெட்டி. அந்தப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. என் பெயர் ரியாஸ். கம்பெனி அந்தச் சாதனத்துக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருக்கிறது. கோயமுத்தூரில் அதைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. "வாய்ப்பெட்டிக்காரர்" என்றால்தான் தெரியும். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே போகும் வியாதி ஒன்று இருக்கிறது. முதலில் கை போகும், பிறகு கால், பிறகு நாக்கு. புத்தி மட்டும் குறையில்லாமல் இருக்கும், பாவிப் புத்தி. அப்படிப்பட்டவர்களின் மண்டைக்குள் நகத்தளவு ஒரு வலையைப் பதித்து, அது பிடிக்கும் சமிக்ஞைகளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கு அனுப்பினால், அவர் சொல்ல நினைப்பதைப் பெட்டி அவருடைய குரலிலேயே சொல்லிவிடும். நாக்கு இருக்கும்போதே பெட்டியைப் பழக்கிவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. யுவராஜ் அண்ணன் எட்டு மாதம் பழக்கினார். பேப்பர் படித்தார், பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டினார், பாடக்கூடச் செய்தார். அதற்குப் பிறகு அவருடைய நாக்கு நின்றது, பெட்டி பேச ஆரம்பித்தது.

நோய் வருவதற்கு முன்னால் அண்ணன் காந்திபுரத்தில் பத்தொன்பது வருடம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தவர். அக்காவும் கூடவே கடையில் இருந்தார். போன் எடுப்பது, ரிப்பேருக்கு வந்தவற்றில் பெயர்ச் சீட்டு ஒட்டுவது, சாயங்காலம் கூட்டிப் பெருக்கிக் கதவைச் சாத்துவது எல்லாம் அவர் வேலை. அதனால் அந்த வீட்டுக்குப் போனால் எனக்கு உபசாரத்தோடு சேர்த்துப் பரீட்சையும் நடக்கும். "அந்த ஸ்க்ரூவ ஏன் அவ்வளவு முறுக்கற ரியாஸ், மாட்டுவண்டியா ஓட்டற?" என்று கட்டிலில் இருந்தபடியே பெட்டி வழியாக என்னை வறுத்தெடுப்பார்.

போன சித்திரையில் பெட்டி அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது. சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துவிட்டது, கூலரின் விசிறியும் தேய்ந்துவிட்டது. எண்பத்தைந்து டிகிரியைத் தொட்டால் பெட்டி தானாக அணைந்துகொள்ளும். நான் அப்போது ஓசூரில் மூன்று வார வேலையில் மாட்டியிருந்தேன். போனில்தான் பேச்சு.

"சுகுவத் திட்ட ஆரம்பிக்கறேன், பாதியில நின்னுபோகுது. மறுபடி ஆன் பண்ணி மிச்சத்தத் திட்டறதுக்குள்ள கோவமே ஆறிப்போகுது ரியாஸ்."

"கம்பெனிக்கு எழுதிப் போடுங்கண்ணா. எடுத்துட்டுப் போய் சரி பண்ணித் தருவாங்க."

"பன்னெண்டு நாள் ஆகுமாம். பன்னெண்டு நாள் நான் வாயில்லாம கெடக்கணுமா? முடியாது சாமி. நீ ஒண்ணு பண்ணு. அந்த எண்பத்தஞ்ச நூத்தி அஞ்சுக்குத் தள்ளி வச்சுக் குடு."

"தொண்ணூத்தஞ்சத் தாண்டினா நீங்க பழக்கி சிப்புல பதிஞ்ச தடமெல்லாம் அழிய ஆரம்பிச்சிரும்ணா."

"தெரியும்டா. நம்பர் என் கண்ணு முன்னாடியேதான் தொங்குது. தொண்ணூறு வந்துச்சுன்னா நானே சுகுகிட்டச் சொல்லி நிறுத்திருவேன்."

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. ஓசூரில் உட்கார்ந்துகொண்டே வரம்பைத் தள்ளி வைத்தேன். பெட்டி விழித்ததும் முதல் நான்கு நிமிடம் அவர் மூளையோடு தன்னைப் பொருத்திக்கொள்ளும். அதற்குத்தான் சிப் உச்சகட்டமாக உழைக்கும். அந்த நான்கு நிமிடம் குரல் வராது. அந்த நேரத்தில் எண் ஏறினால் அவரால் யாரிடம் சொல்ல முடியும்? இதை அவரும் யோசிக்கவில்லை, படித்துப் பட்டம் வாங்கிய நானும் யோசிக்கவில்லை.

அடுத்ததாக, கம்பெனி விதிக்கு விரோதமாக ஒரு புதுக் கூலரையும் பேஸ்ட் குழாயையும் பார்சல் அனுப்பினேன். "என்னை நம்பாட்டி போ, என் பொண்டாட்டிய நம்பு. பத்தொன்பது வருஷம் பாத்திருக்கா" என்றார் அண்ணன். பார்சல் சேர்ந்த அன்றே அக்காவுக்குப் போனில் வரிசையாகச் சொன்னேன். பெட்டியை அணைக்க வேண்டும். பழைய கூலரைக் கழற்றிக் காய்ந்த பேஸ்ட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். புதுப் பேஸ்ட் பட்டாணி அளவு. கூலரை நேராக இறக்க வேண்டும். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். விசிறி ஒயரை மறக்கக் கூடாது. எல்லாம் சொன்னேன். அக்கா காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் புதன்கிழமை மதியம் அவரிடமிருந்து போன் வந்தது. "பெட்டி பேசலைங்க தம்பி."

சனிக்கிழமை காலையில்தான் கணபதியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர முடிந்தது. அண்ணன் கட்டிலில் சாய்ந்து இருந்தார். கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடினால் இல்லை. அவ்வளவுதான் அவருக்கு மிச்சம். என்னைப் பார்த்ததும் அந்தக் கண்கள் என்னை விட்டு நகரவில்லை.

"ஒவ்வொண்ணையும் மாமா கண்ணு முன்னாடி காட்டிக் காட்டித்தான் தம்பி செஞ்சேன்" என்றார் அக்கா. கணவரை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். "கட்டல் ஓரத்துலயே பலகையப் போட்டு, இந்தாங்க தொடச்சேன், இந்தாங்க பட்டாணி, இந்தாங்க கூலரு, பாருங்கன்னு. அவரு பாத்துட்டே இருந்தாரு. கூலர எறக்கறப்ப கண்ணுல இருந்து பொலபொலன்னு தண்ணி. சந்தோசம் தாங்கலையாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். அழுவாதீங்க மாமான்னு முந்தானைல தொடச்சு உட்டுட்டுத்தான் ஸ்க்ரூ முறுக்கினேன்."

"ஆன் பண்ணினதும் பேசினாரா?"

"பேசினாருங்க. 'சுகு, சரியா மாட்டியிருக்க. எனக்கே இப்படி வராது'ன்னாரு. எனக்கு அப்படியே குளுந்து போச்சு. என்ன வேணும் மாமான்னு கேக்கறதுக்குள்ள நின்னுபோச்சு. அதோட சரி."

என் லேப்டாப்பைப் பெட்டியில் செருகிச் சோதித்தேன். சிப்புக்கு உயிர் இருந்தது, பேச்சு இல்லை. எட்டு மாதம் பழக்கிய தடம் ஒன்றுகூட இல்லாமல், கடையில் வாங்கின அன்று இருந்தது போல வெறுமையாக இருந்தது. இரண்டாம் முறையும் சோதித்தேன். அதே பதில்.

"காப்பி எடுத்து வச்சிருப்பீங்கல்ல?" என்றார் அக்கா.

"காப்பி எடுக்க முடியாதுக்கா. இது சிப்புல எழுதி வச்ச விசயம் இல்ல. செருப்பு போடப் போட கால் வாகுக்குத் தேயுதில்ல? அந்த மாதிரி அண்ணன் பேசப் பேச சிப்பே தேஞ்சு தேஞ்சு அவரு வாகுக்கு வந்தது. தேஞ்சத எப்படிக் காப்பி எடுக்கறது?"

"அப்ப புது சிப்பு போட்டு மறுபடி பழக்கலாம்."

"பழக்கணும்னா அண்ணன் வாய் விட்டுப் பேசணும்க்கா."

அவர் தலையை ஆட்டினார். புரிந்துவிட்டது. "டீ போட்டாறேன் தம்பி" என்று சமையலறைக்குள் போனார். பாத்திரம் எடுக்கும் சத்தம் வரவில்லை. குழாயை மட்டும் திறந்துவிட்ட சத்தம் வந்தது.

நான் கூலரின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். எதிரெதிர் மூலை, அளவான முறுக்கு. குறை சொல்ல முடியாத வேலை. கூலரைத் தூக்கித் திருப்பினேன். பேஸ்ட் அழகாக வட்டமாகப் பரவியிருந்தது. ஆனால் கூலரின் அடியில் இருக்கும் செம்புத் தகட்டின் மேல் இல்லை. செம்பின் மேல் ஒட்டியிருந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளின் மேல் பரவியிருந்தது.

எந்தக் கூலராக இருந்தாலும் அடித்தகட்டில் கீறல் விழாமல் இருக்க ஒரு தாள் ஒட்டி வரும். உரித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். உரிக்காவிட்டால் சூடு சிப்பை விட்டு வெளியே போகாது. வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுங்கள் என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா? அப்படித்தான் நான் அதைச் சொல்லவில்லை. பட்டாணியை மூன்று முறை சொன்ன வாய், இதை ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

தலையைத் தூக்கினேன். யுவராஜ் அண்ணன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அக்கா இதோடயே மாட்டினத நீங்க பாத்தீங்களா?"

கண்கள் மேலே போயின. ஆமாம்.

தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான தாள்களை உரித்த மனுசன், ஒரு முழம் தூரத்தில் உரிக்காத தாளோடு கூலர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். பெட்டி அணைந்திருக்கிறது. கத்த முடியாது. தலையை ஆட்ட முடியாது. அக்கா எதுவும் கேட்காதபோது, கண்ணை மூடினாலும் அது 'இல்லை' ஆகாது. கண்ணீர்தான் வரும். அதையும் அக்கா அன்போடு துடைத்துவிட்டிருக்கிறார்.

பெட்டி தான் பேசும் ஒவ்வொரு வரியோடும் நேரத்தையும் சூட்டையும் குறித்து வைக்கும். புதன்கிழமைக் குறிப்பைத் திறந்தேன். 10.38க்கு விழித்திருக்கிறது. முதல் நிமிடம் முடியும்போது எழுபத்தொன்பது. இரண்டாவது நிமிடத்தில் தொண்ணூற்றாறு. மூன்றாவதில் நூறு. 10.42க்குக் குரல் திறந்தபோது நூற்று இரண்டு. அங்கே ஒரே ஒரு பேச்சு. "சுகு, சரியா மாட்டியிருக்க. எனக்கே இப்படி வராது." அடுத்த குறிப்பு: நூற்று ஐந்து, பெட்டி அணைந்தது.

அந்த எண்கள் எல்லாம் அவருடைய கண்ணுக்கு நேரே தொங்கும் திரையில் ஓடியிருக்கின்றன. குரல் திறந்தபோது முக்கால்வாசி போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 'நிறுத்து' என்று சொல்லியிருந்தால் ஒரு பத்துச் சொல்லாவது மிஞ்சியிருக்கும். தண்ணி, வலி, சுகு. இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாமல் இருக்காது. நிறுத்தச் சொன்னால் அக்கா ஏன் என்று கேட்பார், தேடுவார், தாளைக் கண்டுபிடிப்பார் என்பதும் தெரிந்திருக்கும்.

"நிறுத்தச் சொல்லியிருக்கலாமேண்ணா" என்றேன். அது ஆமாம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அக்காகிட்டச் சொல்லணுமா?"

கண்களை மூடினார். திறந்து, மறுபடியும் இறுக்கி மூடினார்.

தாளை உரித்து, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் நான் மனுசனே இல்லை. அவர் தன் மனைவியைக் காப்பாற்றினார். அந்த மறைவில் நானும் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டேன்.

அக்கா டீயோடு வந்தார். முகம் கழுவியிருந்தார். "நான் மாட்டினதுல ஏதாச்சும் கொற இருந்துச்சுங்களா தம்பி?"

"ஒண்ணும் இல்லைக்கா. சிப்புக்கு வயசாயிருச்சு."

"என்ற மேல தப்பு இல்லையே?"

"இல்லைக்கா."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணனின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"பொள்ளாச்சில ஆறுச்சாமி அண்ணன் இருக்காருல்லங்க, கண்டக்டரா இருந்தவரு? அவிய வீட்டுப் பெட்டியும் இதே மாதிரி நின்னு நின்னு போகுதாம். அந்தக்கா போன்ல ஒரே அழுவ. கூலர் வாங்கி வச்சுட்டு மாட்டத் தெரியாம உக்காந்திருக்காங்க. நாளைக்கு நானே வந்து மாட்டித் தர்றேன்னு சொல்லிப்போட்டேன். என்ற கை சரியான கைன்னு மாமா வாயாலயே சொல்லிட்டாரே."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "நீங்க எதுக்குக்கா? நான் போறேன்."

"நாளைக்குத்தான் உங்களுக்கு லீவு. வீட்டுல இருங்க. எனக்கும் ஒரு எடத்துக்குப் போய் வந்தாப்புல இருக்கும். மாமாவப் பாத்துக்க அவரு தங்கச்சி வருது."

"வேண்டாம்க்கா. இது கம்பெனி ஆளுங்கதான் செய்யணும்."

"ஏன், இப்பத்தானே கொற இல்லைன்னீங்க?"

கூடப் போய் நின்று அவர் கண்ணில் படாமல் தாளை உரித்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். இந்த ஒரு வீட்டுக்குச் செய்யலாம். அடுத்து உடுமலையிலிருந்தோ பல்லடத்திலிருந்தோ யாராவது கூப்பிட்டால்? அக்கா என் முகத்தையே பார்த்தார். "தம்பி, எதயோ மறைக்கறீங்க."

நான் யுவராஜ் அண்ணனைப் பார்த்தேன். "அண்ணா. ஆறுச்சாமி அண்ணனுக்கும் நாக்கு நின்னு ஒரு வருசம் ஆச்சு. சொல்லட்டுமா?"

வெகுநேரம் அவர் கண்கள் அசையவில்லை. பிறகு மேலே போயின.

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து அக்காவின் கையில் வைத்தேன். "கூலரோட அடியில இது ஒட்டியிருந்ததுக்கா. இத உரிச்சுட்டுத்தான் மாட்டணும். போன்ல நான் சொல்லல. தப்பு என்மேலதான்."

அவர் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். காய்ந்த பேஸ்ட் அதில் வட்டமாக இருந்தது.

"இதத் தெரியுங்களே எனக்கு" என்றார். குரல் கீழே போய்விட்டது. "கடையில தெனமும் சாயங்காலம் கூட்டறப்ப இதுதான் கெடக்கும். கால்ல ஒட்டும். தொடப்பத்துல வராது, குனிஞ்சு கையால பொறுக்குவேன். பத்தொன்பது வருசம் பொறுக்கியிருக்கறேன் தம்பி. இது எதுல இருந்து வருதுன்னு ஒரு நாளு ஒரு வார்த்த இவருகிட்டக் கேட்டிருந்தா..."

தாளைக் கையில் வைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினார்.

"மாமா. நான் மாட்டறப்ப இத நீங்க பாத்தீங்களா?"

யுவராஜ் அண்ணன் கண்களை மூடினார். இல்லை.

பத்து நிமிடத்துக்கு முன்னால் இதே கேள்விக்கு எனக்கு அவர் சொன்ன பதில் வேறு. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அக்கா அவருடைய நெற்றியில் கை வைத்து, முடியை ஒதுக்கிவிட்டார்.

"பாத்திருக்க மாட்டீங்க" என்றார். "நான்தான் குறுக்க மறைச்சு உக்காந்திருந்தனே."

அவரும் பொய் சொன்னார். அந்த வீட்டில் அன்றைக்குப் பொய் சொல்லாத ஆளே இல்லை. நான் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, வண்டியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கம்பெனிக்கு அறிக்கை எழுதினேன். பழுதுக்குக் காரணம் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்ற வீரம் ஒன்றும் இல்லை. வேறு எதை எழுதினாலும் கை ஓடவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் பொள்ளாச்சி பஸ் ஏறினோம். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன், எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். ஆறுச்சாமி வீட்டில் நான் எதையும் தொடவில்லை. அக்காவே துடைத்தார். அக்காவே தாளை உரித்து என்னிடம் நீட்டினார். அதன் பிறகும் நகத்தால் செம்பைச் சுரண்டிப் பார்த்தார், அடியில் இன்னொன்று இருந்துவிடுமோ என்று. ஆன் செய்தபின் நான்கு நிமிடமும் எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐம்பத்தெட்டுக்கு மேல் ஏறவில்லை.

குரல் திறந்ததும் ஆறுச்சாமி, "கதவத் தொறந்து போட்டது ஆருடி? கோழி உள்ள வருது பாரு" என்றார். அவர் மனைவி சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும், "வந்தா வந்துட்டுப் போகுது, உங்களையா கொத்துது?" என்று திருப்பிக் கத்தினார். அவர் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. சுகன்யா அக்கா கையில் ஸ்பிரிட் துணியோடு சுவர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். கிளம்பலாம் அக்கா என்று நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது கிணத்துக்கடவு தாண்டியதும் அக்கா கேட்டார்.

"இனிமே எதக் கேட்டாலும் ஆமா, இல்லைல முடியறாப்புலதான் கேக்கோணும், இல்லீங்களா தம்பி?"

"ஆமாங்க்கா."

"பசிக்குதா. வலிக்குதா. திருப்பிப் படுக்க வெக்கட்டுமா. டீவி போடட்டுமா." விரலை மடக்கி மடக்கி எண்ணினார். நான்கு விரலோடு நின்றுபோனது. "என்ற மேல கோவமான்னு கேட்டா என்னங்க சொல்லுவாரு?"

"இல்லைன்னுதான்க்கா சொல்லுவாரு."

"கோவம் இருந்தாலும் அதயேதான் சொல்லுவாரு." முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். "அதனால அத மட்டும் நான் கேக்கவே முடியாதுங்க தம்பி."